அழகர் எழுந்தருளலும் ஐந்து மெகாபிட்டும்

(மதுரையில் நிகழ்த்திய சொற்பொழிவு, அச்சுக்காகச் சற்றே செப்பஞ்செய்யப்பட்டது)



சித்திரைப் பௌர்ணமியன்று விடியற்காலையில் கள்ளழகர் தங்கக் குதிரை வாகனத்தில் வைகையாற்றில் எழுந்தருளும் காட்சியை ஆழ்வார்புரத்துக் கரையில் நின்று தரிசிக்கும் பாக்கியம் வாய்க்கப்பெறாத நம்மவர்கள், சென்னையிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தபடி நேரலையில் அதைக் கண்டு கைகூப்புகிறார்கள். கண்டதோடு அமையாமல், மணிக்கணக்கில் ஓடிய அந்த ஒளிபரப்பிலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும் இரண்டு நிமிஷத்தை மட்டும் வெட்டியெடுத்து, உற்றார் உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பி வைக்கிறார்கள். அப்படி வெட்டியெடுத்துச் சேமிக்கும் வேளையில், எக்ஸ்போர்ட் என்ற பொத்தானை அழுத்தியவுடன், கருவி இரண்டு கேள்விகள் கேட்கிறது. ரெசல்யூஷன் எவ்வளவு? பிட்ரேட் எவ்வளவு? இவ்விரண்டுக்கும் நம்மில் பெரும்பாலோர் யோசனையின்றி அளிக்கும் விடை, பட்டியலில் இருப்பதிலேயே பெரிய எண் எதுவோ அது. அந்த விடை பெரும்பாலும் பிசகானது என்பதும், கருவியை அறியாததைக் காட்டிலும் காட்சியைக் கவனியாததே அப்பிசகுக்குக் காரணம் என்பதும்தான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

உற்சவங்களை இருந்த இடத்திலிருந்தே காண்பது நம் ஊருக்கு முற்றும் புதிதன்று. தொலைக்காட்சி வெகுகாலமாக அதைச் செய்து வந்திருக்கிறது. ஆயினும் 2020-ஆம் ஆண்டில், கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகச் சித்திரைத் திருவிழா நிறுத்தப்பட்டு, மே மாதம் 4-ஆம் தேதி மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கல்யாணம் மட்டும் பக்தர்கள் இன்றிச் சில சிவாச்சாரியார்களால் நடத்தப்பெற்று இணையத்தின் வழியே ஒளிபரப்பப்பட்டபோதுதான், அடுப்பங்கரையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அந்த முகூர்த்தத்தில் தாலிச்சரடு மாற்றிக்கொண்ட தாய்மார்களும் நேரலை என்பதைத் தம்முடைய சொந்த விஷயமாக ஆக்கிக்கொண்டார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னே, மார்ச் மாதக் கடைசியில், இந்தியாவில் இயங்கும் பெரிய இணைய ஒளிபரப்பு நிறுவனங்கள் கூடிப் பேசி, வலையமைப்பின் பளுவைக் குறைக்கும் பொருட்டு, கைப்பேசி இணைப்புகளில் 480 வரிக்கு மேற்பட்ட படத்தை ஏப்ரல் 14 வரை அனுப்புவதில்லை என்று தீர்மானித்தன. நாடே வீட்டுக்குள் அடைபட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், படம் மங்கிவிட்டதென்று என் காதில் விழும்படி எவரும் முறையிடவில்லை. அதன் காரணத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ரெசல்யூஷன் என்பது ஒரு படச்சட்டத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. 1080 என்று நாம் சொல்வது, குறுக்கே 1920 புள்ளியும் நெடுக்கே 1080 வரியும் கொண்ட சட்டம். பெருக்கினால் ஏறக்குறைய 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். பிட்ரேட் என்பது அந்தப் புள்ளிகளை எழுதிக்காட்ட வினாடிக்கு எத்தனை பிட் செலவழிக்கிறோம் என்ற கணக்கு. இவை ஒன்றையொன்று சாராத இரண்டு எண்கள். முதலாவதை உயர்த்தினால் படத்தின் தரம் தானே உயர்ந்துவிடும் என்று எண்ணுவதுதான் முதற்பிழை. எதையும் சுருக்காமல், புள்ளிக்கு 24 பிட் வீதம், வினாடிக்கு 25 சட்டம் வீதம் எழுதினால், 1080 படத்துக்கு ஒரு வினாடிக்கு 124 கோடி பிட் வேண்டும். அழகர் இறங்கும் இரண்டு நிமிஷம் மட்டுமே 18 ஜி.பி.யைத் தாண்டிவிடும். ஆனால் அதே 1080 படத்தைப் பதிவேற்றுவோருக்கு யூட்யூப் பரிந்துரைக்கும் அளவோ 8 மெகாபிட், அதாவது வினாடிக்கு 80 லட்சம் பிட்தான். 124 கோடி எங்கே, 80 லட்சம் எங்கே! நூற்றைம்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறுக்கியும் நம் கண்ணை ஏமாற்றாமல் படம் ஓடுகிறதென்றால், அந்த வித்தை எதுவென்று சிறிது நின்று பார்க்க வேண்டும். அதை அறிந்தவனுக்கே எண்ணைத் தேர்ந்தெடுக்கும் துணிவு வரும்.

பெங்களூரில் 1940-இல் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த நசீர் அகமது என்பவர், ஒரு படத்தை அலைவடிவங்களின் கூட்டாகப் பிரித்தெழுதினால் பெரும்பகுதியைக் கைவிட்டும் சாரத்தைக் காப்பாற்றலாம் என்னும் கருத்தை 1972-இல் முன்வைத்து, அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டார். கருத்து மிக எளிதாயிருக்கிறதென்று சொல்லி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மனந்தளராத அவர், தம் மாணவரான நடராஜனையும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று டெக்சஸில் பேராசிரியராக இருந்த நண்பர் கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு, 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் அந்த முறையைச் சில பக்கங்களே கொண்ட கட்டுரையாக வெளியிட்டார். தனித்த கொசைன் மாற்றம் என்று கணித நூல்கள் குறிப்பிடும் அதுதான், இன்று உலகெங்கும் அனுப்பப்படும் புகைப்படங்களிலும் சலனப்படங்களிலும் மிகப் பெரும்பாலானவற்றின் அடியில் இருக்கிறது. எளிதாயிருப்பதாக ஒதுக்கப்பட்ட ஒன்று இவ்வளவு பெரிய பாரத்தைச் சுமக்கும் என்று அந்த நடுவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

அம்முறையின் செயலைச் சுருங்கச் சொல்கிறேன். படத்தைச் சிறுசிறு சதுரங்களாக, உதாரணமாக எட்டுக்கு எட்டாக 64 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் 64 அலைவடிவங்களின் கலவையாக எழுதுகிறார்கள். விரிந்து பரந்த ஒளிநிழல் மாற்றங்களைச் சொல்லும் அலைகளுக்குப் பெரிய எண்களும், நுணுக்கமான இழைகளைச் சொல்லும் அலைகளுக்குச் சிறிய எண்களும் வருகின்றன. பிட் போதாதபோது கருவி அந்தச் சிறிய எண்களை ஒவ்வொன்றாகப் பூஜ்யமாக்கிவிடுகிறது. முதலில் சுங்குடிச் சேலையின் புள்ளிகள் கரையும். பிறகு கூட்டத்தின் முகங்கள் மெழுகுபோல வழுவழுப்பாகும். இன்னும் குறைத்தால் கட்டங்களின் ஓரங்களே கோடுகோடாகத் தெரியத் தொடங்கும். 2003-இல் அங்கீகாரம் பெற்று இன்றளவும் எங்கும் பயிலும் எச்.264 என்ற நியமமும் இதே மாற்றத்தை முழு எண்களுக்கேற்ப அமைத்துக்கொண்டு, அதற்கு மேல் மற்றொரு உபாயத்தையும் கையாள்கிறது: ஒரு சட்டத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த சட்டங்களில் எது எங்கே நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் எழுதுவது. மாறாத இடத்துக்குச் செலவே இல்லை.

இங்கேதான் காட்சியைக் கவனிக்க வேண்டிய அவசியம் வருகிறது. ஆடி வீதித் திருக்கல்யாண மேடையில், பூப்பந்தலின் கீழ், நிலையாக வைத்த கேமரா ஒன்று எடுக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்: பூக்கள் ஆயிரமாயினும் அவை அசைவதில்லை, அசைவது சிவாச்சாரியாரின் கையும் தீபமும்தான். அதற்கு 3 மெகாபிட் தாராளம். அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியோ, சுருக்கும் கருவிக்கு ஒரு சோதனையே. துருத்திகளிலிருந்து பீய்ச்சப்படும் நீர் கணத்துக்குக் கணம் புதுப்புது வடிவத்தில் சிதறுகிறது. லட்சக்கணக்கான தலைகள் ஒவ்வொன்றும் தன்போக்கில் அசைகின்றன. தூக்கிய கைகளில் மின்னும் கைப்பேசி வெளிச்சம் வேறு. முந்தின சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்வதற்கு எதுவும் இல்லாதபடி ஒவ்வொரு சட்டமும் புதிதாக எழுதப்பட வேண்டியிருக்கிறது. திருக்கல்யாணத்துக்குப் போதுமானதாயிருந்த அதே எண்ணை இங்கே வைத்தால், தண்ணீர் பீய்ச்சும் அந்த நொடியில், நாம் எதைக் காண ஆசைப்பட்டோமோ அந்த நொடியிலேயே, படம் கட்டங்கட்டமாக உடைந்துபோகிறது. தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களிலிருந்து வரும் ஜல்லிக்கட்டு நேரலைக்கும் இதே கதிதான். களத்தில் பரப்பிய தென்னைநார் ஒவ்வொரு குளம்படிக்கும் கலைந்து பறக்கிறது, அந்த நாரின் ஒவ்வோர் இழையும் பிட் கேட்கிறது.

எனவே எண்களைப் புள்ளிக்கணக்கில் வகுத்துப் பார்ப்பதே நல்ல வழி. 5 மெகாபிட் செலவழிக்க நமக்கு வசதி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதை 4கே படத்துக்குச் செலவிட்டால், வினாடிக்கு 25 சட்டம் வீதம், ஒரு புள்ளிக்கு 0.024 பிட் கிடைக்கும்; 1080 படமானால் 0.096, 1280-க்கு 720 ஆனால் 0.217. எச்.264 முறையில், சாதாரணமான அசைவுள்ள காட்சிக்குப் புள்ளிக்கு 0.1 சுமாராக இருந்தால் பார்க்கச் சகிக்கும் என்பதும், அழகர் இறங்குவதுபோன்ற காட்சிக்கு அதைப்போல் இருமடங்கு வேண்டும் என்பதும் என் அனுபவத்தில் கண்ட அளவு. இதைச் சாஸ்திரப் பிரமாணமாக நீங்கள் கொள்ள வேண்டாம், ஆனால் தொடக்கத்துக்கு உதவும். அந்த அளவுகோலை வைத்தால், 5 மெகாபிட்டில் 4கே என்பது வெறும் பெயரளவு மோகம். 1080 என்பது திருக்கல்யாணத்துக்குத் தகும். அழகருக்கு 720-தான் தகும். 720 படத்துக்கு யூட்யூப் சொல்லும் பரிந்துரையும் அதே 5 மெகாபிட்தான். பட்டினி போட்ட பெரிய படத்தைவிட வயிறு நிறைந்த சிறிய படம் எப்போதும் அழகாயிருக்கும்.

நேரலையிலிருந்து வெட்டுகிறவர்கள் மறந்துவிடும் மற்றொன்று, தம் கையில் வந்த மூலம் எத்தகையது என்பது. நேரலைகள் ஒரே படத்தை 360, 480, 720, 1080 எனப் பல படிகளில் தயாரித்து, சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக அனுப்புகின்றன. பார்ப்பவரின் இணைப்பு எவ்வளவு தாங்குமோ அந்தப் படிக்கு அது தானாகவே ஏறியும் இறங்கியும் கொள்கிறது. ஆற்றங்கரையில் அத்தனை ஜனங்களும் ஒரே சமயத்தில் கைப்பேசியைத் திறந்திருக்கும் வேளையில் கரையிலேயே நின்று நேரலையைப் பதிவுசெய்தவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் 360 வரியாகவே இருந்திருக்கும். அதை 1080 என்று ஏற்றுமதி செய்வது, குடத்து நீரை அண்டாவில் ஊற்றிவிட்டு நீர் பெருகிற்றென்று மகிழ்வது போன்றது. மூலத்தின் புள்ளியளவை மிஞ்சி ஒருபோதும் எடுக்கலாகாது. ஒளிபரப்பு முடிந்த பின் அதே நிகழ்ச்சி முழுப் பதிவாக வலையில் ஏற்றப்படுமானால், அவசரப்படாமல் ஒரு நாள் பொறுத்து அதிலிருந்து வெட்டுவதே விவேகம்.

வெட்டும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பலரும் அறியாதது என்னவென்றால், வெட்டுவதற்கு மறுபடி சுருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஏற்கெனவே சுருக்கப்பட்டு வந்ததைப் பிரித்து, திருத்தி, மீண்டும் சுருக்கும்போதெல்லாம் முன்பு தப்பிப் பிழைத்த நுணுக்கங்களில் சில மீண்டும் பூஜ்யமாகின்றன. பத்துப் பேர் இறக்கி மறுபடி ஏற்றிக் கைமாறி வந்த வீடியோக்கள் ஏன் அப்படிக் குழம்பியிருக்கின்றன என்பதற்கு இதுவே காரணம். எஃப்எஃப்எம்பெக், லாஸ்லெஸ்கட் போன்ற இலவசக் கருவிகள், உள்ளே இருக்கும் பிட்டுகளைத் தொடாமல், வேண்டிய பகுதியை மட்டும் அப்படியே எடுத்துத் தருகின்றன. நிபந்தனை ஒன்றுதான்: முழுமையாக எழுதப்பட்ட சட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெட்டு தொடங்க முடியும். நேரலைகளில் அத்தகைய சட்டம் ஏறத்தாழ இரண்டு வினாடிக்கு ஒன்றாக வருகிறது. ஆகவே நாம் நினைத்த இடத்துக்கு ஒன்றிரண்டு வினாடி முன்னதாகத் துண்டு தொடங்கும். அழகரின் குதிரை தலைகாட்டுவதற்கு முன் இரண்டு வினாடி கோவிந்தா கோஷம் கூடுதலாகக் கேட்பதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

எழுத்துச் சேர்க்கவோ, அளவைக் குறைக்கவோ, வெவ்வேறு அமைப்பிலுள்ள இரண்டு துண்டுகளை இணைக்கவோ வேண்டியபோதுதான் மறுசுருக்கம் அவசியமாகிறது. அப்போதும் பிட்ரேட்டை நாமே ஓர் எண்ணாகக் கட்டிப்போடுவதைவிட, தரத்தை மட்டும் நிர்ணயித்துவிட்டு, எந்த வினாடிக்கு எவ்வளவு செலவழிப்பதென்பதைக் கருவியின் விவேகத்துக்கு விட்டுவிடுவது மேல். எக்ஸ்264 என்ற சுருக்கியில் இதற்கு 0 முதல் 51 வரை ஓர் அளவுகோல் உண்டு. சிறிய எண் உயர்ந்த தரம். இயல்பாக அமைந்திருப்பது 23. அதில் 6 குறைத்தால் கோப்பு ஏறக்குறைய இருமடங்காகும், 6 கூட்டினால் பாதியாகும். மூலமே சுருக்கப்பட்ட நேரலையாதலால் 20 அல்லது 21 வைத்துக்கொள்வது என் வழக்கம். தீபாராதனையில் கருவி சிக்கனமாயிருந்து, தண்ணீர் பீய்ச்சும்போது தாராளமாகச் செலவழிக்கும். கட்டிப்போட்ட எண்ணால் ஒருபோதும் செய்யமுடியாத காரியம் அது.

இனி, முன்னே நிறுத்திவைத்த கேள்விக்கு வருகிறேன். 480 வரிப் படத்தைப் பார்த்து ஏன் எவரும் முறையிடவில்லை? சாதாரணமான நல்ல பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைந்த இடைவெளியில் உள்ள இரண்டு கோடுகளைத் தனித்தனியே பிரித்தறியாது. முகத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.087 மில்லிமீட்டர். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது, அதன் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்துக்குள் ஒடுங்கி நிற்கும் அகலப்படத்தின் உயரம் 4 சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கணக்கிட்டால் அங்கே கண் பிரித்தறியக்கூடியது 440 வரி. கைப்பேசியைப் படுக்கவைத்துத் திரை முழுவதும் நிரப்பினாலும் 780 வரிதான். கூடத்தில் 43 அங்குலத் தொலைக்காட்சியை இரண்டரை மீட்டர் தள்ளி அமர்ந்து பார்ப்பவருக்கும் 740-ஐத் தாண்டுவதில்லை. அந்த எல்லைக்கு அப்பாலுள்ள வரிகளுக்காகச் செலவழித்த பிட்டெல்லாம் யார் கண்ணிலும் படாமலே போகிறது.

அகன்ற வெள்ளித்திரைக்கு நியாயம் வேறு. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யுடன் திறக்கப்பட்டு, 2,500-க்கு மேற்பட்ட இருக்கைகளோடு ஆசியாவிலேயே பெரிதென்று நம் ஊரார் பெருமைபேசிய தங்கம் தியேட்டரில் முன்வரிசையில் அமர்ந்தவர் திரையின் ஒவ்வொரு மணியையும் கண்டிருப்பார்; கடைசி வரிசையில் இருந்தவருக்கு அவ்வளவு வேண்டியதில்லை. இன்றும் ஒரு துண்டுக் காட்சியை மண்டபத்துத் திரையில் போட்டுக்காட்ட உத்தேசமானால் 1080-ஐயும் அதற்குரிய 8 மெகாபிட்டையும் கொடுக்கத்தான் வேண்டும். யார் பார்க்கப்போகிறார்கள், எங்கிருந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்காமல் எண்ணைத் தேர்வது, ஆள் தெரியாமல் சட்டை தைப்பதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். உவமைகள் மிகுந்தால் விஷயம் மறைந்துபோகும், விட்டுவிடுகிறேன்.

வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அழகர் எந்த நிறப் பட்டுடுத்தி இறங்குகிறார் என்பது நம் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களுக்குச் சாமானிய விஷயமன்று. பச்சைப்பட்டு என்றால் நாடு செழிக்கும் என்று அவர்கள் நெஞ்சு குளிர்வதை நாம் அறிவோம். நேரலைகளில் வண்ணமோ, வெளிச்சத்தைப்போல் நான்கில் ஒரு பங்கு நுணுக்கத்தோடுதான் எழுதப்படுகிறது. கண்ணும் வண்ணத்தின் நுண்மையில் மந்தமாதலால் அது வழக்கமாகத் தெரிவதில்லை. ஆனால் பட்டு சட்டத்தின் ஒரு மூலையில் சிறு திட்டாக மட்டும் தெரியும் தூரக்காட்சியைப் பிட்ரேட் குறைத்து எடுத்தால், பச்சை சாம்பலாகிவிடும் அபாயம் உண்டு. அப்படிப்பட்ட துண்டுக்கு வரிகளைக் குறையுங்கள், பிட்டைக் குறைக்காதீர்கள். ஒலிக்கும் இதுவே: நாகசுவரத்துக்கும் தவிலுக்கும் 128 கிலோபிட் கொடுத்தால் 5 மெகாபிட்டில் அது ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். அங்கே போய்ச் சிக்கனம் பிடிப்பவரை எனக்குப் புரிந்துகொள்ள முடிவதில்லை.

ஜல்லிக்கட்டுக்குச் சட்டங்களின் எண்ணிக்கையே முக்கியம். காளை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், 25 சட்டப் படத்தில் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 40 சென்டிமீட்டர் கடந்துவிடும். திமிலைப் பிடித்த கை யாருடையது என்ற தகராறு அந்த இடைவெளிக்குள்ளேயே தீர்ந்துபோகும். மூலம் 50 சட்டத்தில் வந்திருந்தால் அதை 25 ஆக்காதீர்கள். வரிகளை 1080-லிருந்து 720-க்கு இறக்கியாவது 50-ஐக் காப்பாற்றுங்கள். தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து பிடித்த துண்டில் காளையின் கொம்பு சீப்புப் பல்லாகத் தெரிந்தால், ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகள் பின்னிவரும் பழைய முறை அது. டீஇன்டர்லேஸ் என்ற வசதியைப் போட்டுவிட்டுத்தான் அளவைக் குறைக்க வேண்டும்.

வாட்ஸ்அப் விஷயம் வேறு மாதிரியானது. அதில் வீடியோவாக அனுப்பியதை அது தன் விருப்பப்படி மீண்டும் ஒருமுறை சுருக்கியே தீரும். நாம் பார்த்துப்பார்த்துத் தேர்ந்த எண்களுக்கு அங்கே மரியாதையில்லை. நெடுங்காலம் அதில் 16 எம்.பி. என்ற வரம்பு இருந்தது. 16 எம்.பி. என்றால் 128 மெகாபிட். அதை 60 வினாடிக்குப் பகிர்ந்தால் வினாடிக்கு 2 மெகாபிட் சொச்சம், மூன்று நிமிஷத்துக்குப் பகிர்ந்தால் 0.7 மெகாபிட். முன்சொன்ன புள்ளிக்கணக்கில் வைத்துப் பாருங்கள்: 2 மெகாபிட்டுக்கு 480 வரிதான் தகும். ஆதலால் நீளத்தைக் குறைப்பதே தரத்தைக் கூட்டும் முதல் வழி என்று இளைஞர்களுக்குச் சொல்வேன். மூன்று நிமிஷத்தை ஒரு நிமிஷமாக்கினால் ஒவ்வொரு வினாடிக்கும் மும்மடங்கு பிட் தானாகவே வந்து சேர்கிறது. தரம் சிதையாமல் போகவேண்டியதானால் டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் தொடாமல் கொண்டுசேர்க்கும். 2022 முதல் 2 ஜி.பி. வரை அதற்கு இடமுண்டு.

இன்னொரு வகைத் துண்டுக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. ஏதோ ஒரு வழக்கில் சாட்சியமாக உயர்நீதிமன்ற மதுரைக் கிளையிலோ கீழ்க்கோர்ட்டிலோ கொடுக்கப்படக்கூடிய காட்சியானால், அதை எந்த எண்ணுக்கும் மாற்றக்கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு தரவேண்டிய சான்றிதழில் கோப்பின் ஹாஷ் எண்ணும் கேட்கப்படுகிறது. ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். மூலத்தை மூலமாகவே வைத்திருங்கள்.

வீட்டு உபயோகத்துக்கும் அதே புத்தி நல்லதுதான். நான்கு மணி நேர உற்சவ ஒளிபரப்பு 8 மெகாபிட்டில் ஏறக்குறைய 14 ஜி.பி.; இன்று ஒரு சிறிய பென்டிரைவில் அடங்குவது. அதை வெட்டாமல் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கான சிறு துண்டுகளை அவ்வப்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எச்.265, ஏவி1 என்னும் புதிய சுருக்கிகளைப் பற்றிக் கூட்டம் தொடங்குமுன் ஒரு தம்பி கேட்டார். முன்னது 2013-இலும் பின்னது 2018-இலும் வந்தவை. அதே தரத்தை ஏறக்குறைய பாதிப் பிட்டில் தரவல்லவை என்பது மெய்தான். வீட்டில் சேமித்து வைப்பதற்கு அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அனுப்புவதற்கோ, மேலூரிலோ உசிலம்பட்டியிலோ பழைய கைப்பேசி வைத்திருக்கும் உங்கள் அத்தையின் திரையில் அவை கறுப்பாகத் தெரிந்து ஒலி மட்டும் கேட்கக்கூடும்; அவருக்கு எச்.264-ஐயே அனுப்புங்கள், 720 வரியில், 5 மெகாபிட்டில்.